ஒருவர் பொருட்டு எழுதிய சித்திரம்

பரிசுப் பொருள்கள் பல வகையின. கடைத்தெருவில் வாங்கிக் கொடுக்கும் பரிசு எவர் கைக்குப் போனாலும் பயன்படும். ஒரு சித்திரகாரரிடம் சொல்லி, இன்னாருக்கென்றே எழுதுவித்துக் கொடுக்கும் படம் அத்தகையதன்று. பெறுபவரின் கையில் இருக்கும்வரையே அது முழுப் பொருளோடு விளங்கும். வேறொருவர் கைக்கு மாறியதும் வெறும் அழகிய பொருளாகிவிடும். மேனாட்டாரிடையே, சிறப்பாக இங்கிலாந்திலே, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, இத்தகைய பரிசுகளை எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு சித்திரகார மரபு செழித்திருந்தது. அவர்கள் எழுதியவை உள்ளங்கைக்குள் அடங்கும் நீர்வர்ண உருவப்படங்கள். இரண்டங்குல வட்டத்துள் ஒரு முகம். அதனைச் சூழ ஒரு பொற்கூடு. அக்கூட்டைத் திறக்கும் உரிமை பெரும்பாலும் ஒருவருக்கே.

இப்படங்களை ஆங்கிலத்தில் மினியேச்சர் என வழங்குவர். சிறுமையைக் குறிக்கும் சொல் இதுவெனப் பலர் கருதுவர், அவ்வாறன்று. ஈயத்திலிருந்து பெறப்படும் செந்தூரத்துக்கு இலத்தீன் மொழியிலே மினியம் என்று பெயர். அச்சுப்பொறி தோன்றுமுன், கையெழுத்து ஏடுகளின் முதலெழுத்துக்களைச் செந்தூரத்தால் அழகுபடுத்திய தொழிலிலிருந்து பிறந்த சொல் அது. ஏட்டின் ஓரங்களிற் சிறு சித்திரம் எழுதியவர்களின் கைத்திறனே பின்னர் தனி உருவப்படமாக வளர்ந்தது. 1520களிற் பிளாந்தர்ஸ் நாட்டிலிருந்து வந்து எட்டாம் ஹென்றி மன்னனின் அரண்மனையில் ஊழியம் ஏற்ற லூக்காஸ் ஹோரன்பௌட் அத்தகைய ஏட்டுச் சித்திரகாரர் குடும்பத்தவர். ஏட்டை விட்டுப் பிரிந்த சித்திரம் சட்டைப் பையிலும் கழுத்துச் சங்கிலியிலும் இடம்பிடித்தது. தைலவர்ணப் படம் சுவரில் நின்று வருவோர் போவோர் எல்லோரையும் நோக்கும். இதுவோ கையிற் பிடித்து, முகத்தருகே கொண்டுவந்து பார்க்க வேண்டியது. நூல் வாசிப்பதுபோல ஒரு வேளையில் ஒருவரே பார்க்கக்கூடியது.

இதன் அந்தரங்கத் தன்மையை விளக்கும் நிகழ்ச்சியொன்றை, 1564ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து அரசி மேரியின் தூதராக இலண்டனுக்கு வந்த சேர் ஜேம்ஸ் மெல்வில் தமது நினைவுக் குறிப்புகளிலே பதிந்துள்ளார். முதலாம் எலிசபெத் அரசி அவரைத் தம் படுக்கையறைக்கு அழைத்துச் சென்று ஒரு சிறு பேழையைத் திறந்து காட்டினாராம். அதனுள்ளே சின்னஞ்சிறு படங்கள் கடதாசியிற் பொதியப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொதியின்மேலும் அரசியின் சொந்தக் கையெழுத்திலே குறிப்பு இருந்தது. முதலில் எடுத்த பொதியின்மேல் தம் பிரபுவின் படம் என்ற பொருள்பட எழுதியிருந்தது, பெயர் இல்லை. மெல்வில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பார்க்க விரும்பினார், அரசி தயங்கினார். தூதரோ விடவில்லை. ஈற்றிற் பொதி பிரிந்தது. உள்ளே இருந்தது லெஸ்டர் பிரபுவின் முகம். அந்நாளில் அதே லெஸ்டரை மேரிக்கு மணமகனாக்கலாமென எலிசபெத்தே யோசனை கூறியிருந்தார். ஆகவே, படத்தைத் தம் அரசியிடம் கொண்டுபோகத் தருமாறு மெல்வில் கேட்டார். தம்மிடம் அது ஒன்றுதான் உண்டு என்று கூறி எலிசபெத் மறுத்தார். அசலே தங்களிடம் இருக்கிறதே என்றார் தூதர். லெஸ்டர் பிரபு அப்பொழுது அவ்வறையின் மறுகோடியில் நின்று உரையாடிக்கொண்டிருந்தார். ஆளை விட்டுக்கொடுக்க முன்வந்தவர் அவருடைய படத்தை விட்டுக்கொடுக்க இசையவில்லை! எத்தனையோ அரசியற் கடிதங்கள் சொல்லாததை இரண்டங்குலப் படமொன்று சொல்லிவிட்டது.

இத்தகைய படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய, எலிசபெத்தின் சித்திரகாரர் நிக்கலஸ் ஹில்லியார்ட் 1600ஆம் ஆண்டளவில் எழுதிய நூலொன்று துணைபுரிகின்றது. ஹில்லியார்ட் பொற்கொல்லர் மகன். தாமும் அத்தொழிலிற் பயின்றவர். அவர் காலத்தில் படம் எழுதும் தளம் மெல்லிய கன்றுத்தோல். அதனை மழமழவென்று தேய்த்துப் பதப்படுத்தி, சுருங்காதிருக்க ஒரு சீட்டின்மேல் ஒட்டுவர். சீட்டு என்றது மாளிகைகளிற் சூதாடப் பயன்பட்ட அதே சீட்டையே. இன்று சில படங்களின் கூட்டைப் பிரித்துப் பின்புறத்தை நோக்கினால் சீட்டின் சின்னங்கள் தெரிகின்றன. வர்ணங்களை நுண்ணிதாய் அரைத்து, வேலம்பிசின் கரைத்த நீரிற் குழைத்து, சிப்பி ஓடுகளிலே வைத்துக்கொள்வர். தூரிகை அணில் மயிராலானது. பொன்னையும் வெள்ளியையும் பொடியாக்கி வர்ணம்போலவே பூசி, கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கின் பல்லாலே தேய்த்து மெருகேற்றுவர். ஆடையின் முத்து ஒவ்வொன்றும் வெள்ளீய வர்ணத்தாற் சிறிது புடைக்க எழுப்பப்பட்டு, அதன் உச்சியிலே வெள்ளித் துளியொன்று இடப்பட்டது. மாணிக்கத்துக்கு வெள்ளித் தகட்டின்மேற் செந்நிறம் ஊட்டிய பிசின் துளி. பொற்கொல்லர் கை அங்கே தெரிகின்றது.

நீர்வர்ணத்துக்குத் தூசியே முதற் பகை. ஆதலின் சித்திரகாரர் பட்டாடை உடுத்தல் நன்று என்கிறார் ஹில்லியார்ட். பருத்தியிலும் கம்பளியிலும் நூற்றுகள் உதிரும், பட்டில் அத்துணை உதிரா. தலைப்பொடுகு படத்தில் விழலாகாது. படத்தின்மேற் குனிந்து பேசலாகாது. ஓர் எச்சிற் துளி ஒருநாள் வேலையைக் கெடுத்துவிடும். இவ்வளவு கண்டிப்பானவர், படமெழுத அமர்ந்திருப்பவர் சோர்வடையாதிருக்க மென்மையான உரையாடலும் வாசிப்பும் இசையும் தக்கவை என்றும் சொல்லுகிறார். காரணம் எளிது. மனம் உவந்திருக்கும்போது முகத்தில் மின்னி மறையும் குறிப்பை அந்தக் கணத்திலேயே பற்றுவதுதான் இக்கலையின் உயிர். உறைந்துபோன முகத்தை யாருக்குப் பரிசளிப்பது?

அமர்வுகள் பெரும்பாலும் மூன்று. முதலமர்விலே முகத்தின் நிறத்தையொத்த அடிவர்ணத்தின்மேல் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடம் குறிக்கப்படும். வருபவரைக் காக்க வைக்காதபடி, வெவ்வேறு மேனி நிறங்களிலே அடிவர்ணம் பூசிய சீட்டுகளை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது சித்திரகாரர் வழக்கம். இரண்டாவது அமர்வே நெடியது. மேனி நிறத்தின் ஏற்றத்தாழ்வுகள் நுண்கோடுகளாலும் புள்ளிகளாலும் அப்போதுதான் அமையும். மூன்றாவது, திருத்தமும் மெருகும். ஆடையணிகளுக்கு ஆள் அமர வேண்டியதில்லை. உடையை மட்டும் அனுப்பிவைத்தாற் போதும். ஒளி ஒரு புறமிருந்து, வடக்குச் சாளரத்தால் வருவது நன்று என்பது பொது விதி. எலிசபெத் அரசியோ தோட்டத்தின் திறந்த வெளியில், மரநிழலும் விழாத இடத்தில் அமர்ந்தே படம் எழுதுவித்தார். நிழல் இன்றேல் முகத்தில் மேடுபள்ளமும் இல்லை, முதுமையும் இல்லை. இதை அழகுணர்ச்சி என்று ஹில்லியார்ட் பணிவோடு எழுதிவைத்தார். அரசியின் கணக்கு வேறாகவும் இருந்திருக்கலாம்.

பரிசுப் படம் எழுதுபவருக்கு எசமானர் ஒருவரல்லர். பணம் கொடுப்பவர் ஒருவர். எழுதப்படும் முகம் ஒருவருடையது. பெறுபவர் மூன்றாமவராகவும் இருக்கலாம். ஒவ்வொருவர் மனத்திலும் அந்த முகம் ஒவ்வொரு விதமாகப் பதிந்திருக்கும். சித்திரகாரருக்கோ முன்னே இருப்பது ஒரு முகமே. சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை அலுவலர் 1668ஆம் ஆண்டிலே தம் மனைவியின் படத்தைச் சாமுவேல் கூப்பர் என்பாரிடம் எழுதுவித்தார். அக்காலத்துச் சித்திரகாரருள் கூப்பருக்கு நிகர் இல்லை எனலாம். பீப்ஸ் அமர்வுகளுக்கு உடன்சென்று, பொழுதெல்லாம் இருந்து, தூரிகை அசைவதைப் பார்த்திருந்தார். ஆகஸ்ட் 10ஆந் தேதி வேலை முடிவுற்றது. படத்துக்கு 30 பவுண். பளிங்கு மூடிக்கும் பொற்கூட்டுக்கும் 8 பவுண் 3 சிலிங் 4 பென்ஸ். அன்றிரவே பணத்தை அனுப்பிவிட்டார். நாட்குறிப்பிலோ ஒரு குறை பதிவாயிற்று: தொழிற்றிறன் மிக அரியது, ஐயமில்லை; ஆயினும் முகச்சாயல் எதிர்பார்த்த அளவுக்கு அமையவில்லை, நீல ஆடையும் மனத்துக்கு ஒவ்வவில்லை.

மனைவியை நாள்தோறும் காணும் கணவருக்குச் சாயலிற் குறை தோன்றுவது இயல்பே. வீட்டிலே அவர் கண்ட முகம் ஒன்றல்ல. காலையில் ஒன்று, சினந்தபோது ஒன்று, சிரித்தபோது ஒன்று. படமோ ஒன்றையே காட்டவல்லது. கூப்பர் கண்டது சித்திரசாலையில் அடக்கமாய் அமர்ந்திருந்த ஒரு பெண்ணை. பீப்ஸ் பின்னொரு நாள் அப்படத்தை எவ்வாறு நோக்கினார் என்று அறிய வழியில்லை. 1669ஆம் ஆண்டு மே மாத இறுதியோடு அவருடைய நாட்குறிப்பு நின்றுவிட்டது. அதே ஆண்டு நவம்பரிலே, 29 வயதில், அப்பெண்மணி காலமானார்.

கன்றுத்தோலின் இடத்தை யானைத் தந்தம் பிடித்தது 18ஆம் நூற்றாண்டிலே. வெனிஸ் நகரத்துப் பெண் சித்திரகாரர் ரொசல்பா கரியேரா 1700ஆம் ஆண்டளவில் மூக்குத்தூள் டப்பாக்களின் மூடிக்காகத் தந்தத் தகட்டிலே நீர்வர்ணம் எழுதத் தொடங்கினார். தந்தம் எளிதில் வசப்படுவதன்று. அதிலுள்ள எண்ணெய்ப்பசை நீரை ஏற்காது. ஈரத் தூரிகை சற்றே கூடுதலாகப் பட்டால் முன்பு இட்ட வர்ணம் பெயர்ந்து வந்துவிடும். ஆகவே, மெல்லியதாய் அறுத்த தகட்டை வெயிலில் வெளுக்கவைத்து, நுரைக்கற் பொடியாலே தேய்த்து, பசை நீக்கிய பின்னரே எழுதுவர். உழைப்புக்குத் தக்க பயன் உண்டு. தந்தம் ஒளியைச் சிறிது உள்ளே விட்டுத் திருப்பித் தருவது. மெல்லிய வர்ணத்தின் ஊடாக அந்த ஒளி கசியும்போது கன்னத்துக்கும் நெற்றிக்கும் தசையின் உயிர்ப்பு வந்துவிடுகின்றது. சிலர் தகட்டின் பின்னே வெள்ளித் தாள் வைத்து அவ்வொளியை மிகுவிப்பர். கூட்டின் பின்புறத்திலே, படத்துக்குரியவரின் தலைமயிரைப் பின்னி வைத்துக் கண்ணாடியால் மூடுவதும் அக்காலத்து வழக்கம். முகம் சித்திரகாரர் தந்தது. மயிர் அவரே தந்தது.

பிரிவு மிகுந்த இடத்திலே இத்தொழிலும் மிகும். கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியத்தில் வந்த ஆங்கிலேயர் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். கப்பல் ஊர் சேர ஆறு மாதமளவு செல்லும். சென்றவர் திரும்புவர் என்பது நிச்சயமன்று. தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பத்தக்க பொருள்களுள், எடை குறைந்ததும் விலை மிகுந்ததும் தம் முகமே. இலண்டனிற் புகழ்பெற்றிருந்த ஜோன் ஸ்மார்ட் 1785ஆம் ஆண்டிலே சென்னைக்கு வந்து 1795வரை தங்கித் தொழில் நடத்தியது இதனாற்றான். அக்காலத்துப் படங்களிலே தம் முதலெழுத்துக்களோடு இந்தியாவைக் குறிக்கும் ஆங்கில எழுத்தொன்றையும் சேர்த்து ஒப்பமிட்டார். அவர் முகத்துச் சுருக்கங்களை மறைப்பவரல்லர்; வெயிலிற் கறுத்த மேனியும் களைத்த கண்ணும் அவர் படங்களிலே உள்ளபடி தெரியும். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவும் அவர் குடும்பத்தாரும் ஸ்மார்ட்டிடம் படம் எழுதுவித்தனர். நவாபு தம் உருவப்படங்களை இங்கிலாந்துக்கு அனுப்பும் வழக்கமுடையவர். அவர் பட்டிருந்த பெருங்கடன் குறித்து எட்மண்ட் பேர்க் பாராளுமன்றத்திலே பேருரை ஆற்றியதும் அதே 1785ஆம் ஆண்டிலேதான். அரசனுக்கு அரசன் கொடுக்கும் உருவப்படம் அன்பளிப்பா, விண்ணப்பமா என்று பிரித்தறிவது எளிதன்று.

பரிசுப் படம் ஒருவருக்கே உரியது என்னும் கருத்தின் உச்சத்தையும் அந்த ஆண்டே கண்டது. இளவரசர் ஜோர்ஜ், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னர், மரியா பிட்ஸ்ஹேர்பேட் என்னும் கைம்பெண்ணிடம் மனம் பறிகொடுத்தார். அப்பெண்மணி கத்தோலிக்கர், அரச குடும்பத் திருமணச் சட்டமும் குறுக்கே நின்றது. 1785ஆம் ஆண்டு நவம்பரிலே இளவரசர் தம் ஒரு கண்ணை மட்டும் எழுதுவித்து, கடிதத்தோடு அவருக்கு அனுப்பினார். மூக்கில்லை, வாயில்லை, புருவமும் கண்ணும் மட்டும். பிறர் பார்த்தால் யாருடையதென்று சொல்ல முடியாது. பெறுபவர் பார்த்தால் ஐயத்துக்கு இடமில்லை. டிசம்பர் 15ஆந் தேதி இருவருக்கும் இரகசியத் திருமணம் நிகழ்ந்தது. சட்டம் அதனை ஏற்கவில்லை. அதன்பின் கண்ணை எழுதுவித்து மோதிரத்திலும் பதக்கத்திலும் பதித்துக் கொடுப்பது செல்வரிடையே சில பத்தாண்டுகள் நாகரிகமாயிற்று. இளவரசர் பின்னர் அரசியற் காரணங்களால் வேறொருத்தியை மணந்ததும், மரியாவை விட்டு விலகியதும் வரலாறு. ஆயினும், 1830இல் இறந்தபோது மன்னரின் மார்பிலே மரியாவின் சிறு படம் இருந்தது. அதனோடே அடக்கமும் நிகழ்ந்தது.

1839ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி, இருபது வயது விக்டோரியா மகாராணி எண்பதுக்கு மேற்பட்ட ஆலோசகர்முன் தம் திருமணத் தீர்மானத்தை வாசித்தபோது, அல்பேட் இளவரசரின் சிறு படம் பதித்த கங்கணத்தை அணிந்திருந்தார். கைகள் நடுங்கின, அந்தப் படமே துணிவு தந்தது. இக்கலைக்குக் கிடைத்த இறுதிப் பெருமைகளுள் அது ஒன்று. ஏனெனில் அதே ஆண்டு ஆகஸ்டிலே, பரிஸ் நகரத்தில், டாகுவேரின் ஒளிப்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. மூன்று அமர்வும் முப்பது பவுணும் வேண்டியிருந்த முகச்சாயலைச் சில நிமிடங்களில், சிறு செலவில், எவரும் பெறலாமென்றானது. இருபது ஆண்டுகளுக்குள் சித்திரகாரர் பலர் ஒளிப்படங்களுக்கு வர்ணம் தீட்டும் வேலையில் அமர்ந்தனர். சாயலை மட்டும் விற்றவர்களின் தொழில் சாய்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் நீர்வர்ணப் பரிசு மறைந்துவிடவில்லை. இன்றும் திருமணத்துக்கும் பிறந்த நாளுக்கும், விட்டு வந்த வீட்டின் நினைவுக்கும், இறந்த உறவினரின் நினைவுக்கும் படம் எழுதுவிப்போர் உலகெங்கும் உளர். சித்திரகாரர் இப்போது பெரும்பாலும் ஒளிப்படத்தைப் பார்த்தே எழுதுகிறார். முகத்துக்குரியவரை அவர் ஒருநாளும் கண்டதில்லை. இதனால் அமர்வின் இடத்தை விசாரணை பிடித்துக்கொள்கின்றது. ஒரே ஒளிப்படத்தை நீட்டுவோருக்கு அதன் நகலே கிடைக்கும். வெவ்வேறு காலத்துப் படங்கள் சிலவற்றைத் தந்து, பெறுபவர் இன்னார், எழுதப்படுபவர் அவருக்கு என்ன முறை, எந்தப் பார்வையை அவர் விரும்புவார் என்றும் சொல்பவருக்கே எழுதுவித்ததன் பயன் முழுமையாகக் கிட்டும். பழைய தந்தத் தகட்டின் இடத்தை இன்று தாளும் கன்றுத்தோலும் செயற்கைத் தகடுகளும் பிடித்துள்ளன. 2022இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியச் சட்டம் தந்த வணிகத்தைப் பெரும்பாலும் தடைசெய்து, 1918க்கு முற்பட்ட சிறு உருவப்படங்கள் போன்ற சிலவற்றுக்கே விலக்களித்துள்ளது.

கொடுப்போர் கவனிக்க வேண்டியது நிறத்தின் ஆயுள். நீர்வர்ணத்திலே வர்ணத்துகள் தாளின்மேல் மெல்லிய படலமாய்க் கிடப்பதால், தைலத்தைப் போன்ற காப்பு அதற்கில்லை. ரசல், ஏப்னி என்னும் இரு அறிஞர் 1888இல் வெளியிட்ட ஆய்வு, ஒளி மட்டுமன்றி, ஒளியோடு ஈரமும் காற்றும் சேரும்போதே பெரும்பாலான வர்ணங்கள் வெளிறுகின்றன என்று காட்டியது. செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுத்த செந்நிறங்களே முதலிற் போவன. ஹில்லியார்ட் எழுதிய முகங்கள் இன்று வெளிறித் தோன்றுவதற்கு அவர் காலத்து மாதரின் பூச்சு மட்டும் காரணமன்று. கன்னத்தில் அவர் இட்ட சிவப்பு மறைந்துவிட்டது. முத்தின்மேல் இட்ட வெள்ளியோ கறுத்து, ஒளித்துளி இருந்த இடத்தில் மைப்புள்ளியாய் நிற்கின்றது. நூதனசாலைகள் இத்தகைய படங்களை 50 லக்ஸ் அளவான மங்கலொளியிலேயே காட்டுகின்றன. கொழும்பைப் போன்ற கரையோர நகரங்களிலே ஈரமும் ஒரு பகை. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இடையிற் பூஞ்சணம் படரும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, அமிலம் கலவாத தடித்த தாளாற் சட்டமிடுவித்து, வெயில் படாத உட்சுவரில் வைப்பதே முறை. எந்தச் சிவப்பு நிலைக்கும் என்று சித்திரகாரரைக் கேட்பதும் தவறன்று. தேர்ந்தவர் அக்கேள்வியை வரவேற்பர்.

நிறம் போவதற்கு முன்பே போவது வேறொன்று. இலண்டன் நூதனசாலைகளிலே உள்ள சிறு படங்களுட் பலவற்றின் கீழ், பெயர் தெரியாத ஆடவர், பெயர் தெரியாத பெண் என்றே எழுதியிருக்கின்றது. எழுதியவர் கவனக்குறைவால் நேர்ந்ததன்று இது. பெற்றவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. தெரிந்த முகத்தின் கீழ் யாரும் பெயர் எழுதுவதில்லை. அவர் இறந்தபின் பேழை மகளிடம் போகும், பேத்தியிடம் போகும். பிறகு ஏலக் கடைக்குப் போகும்.

அவற்றுள் ஒன்று ஹில்லியார்ட் 1600ஆம் ஆண்டளவில் எழுதியது. விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. மெல்லிய வெண்சட்டை மார்பிலே திறந்திருக்க, ஓர் இளைஞன் எரியும் தழலின் முன்னே நிற்கிறான். தழலிற் பொற்பொடி கலந்திருப்பதால், படத்தைக் கையிலேந்திச் சற்றே சாய்த்தால் அது அசைவதுபோலத் தோன்றும். கண்ணாடிப் பெட்டிக்குள் அது அசைவதில்லை. அவன் கழுத்துச் சங்கிலியிலே பதக்கமொன்று தொங்குகின்றது. அதனை விரல்களாற் பற்றியிருக்கிறான். அதற்குள்ளும் யாரோ ஒருவரின் சிறு படம் இருந்திருக்கலாம்; பார்ப்பவர் பக்கம் அது திருப்பிக் காட்டப்படவில்லை.